இரண்டு காதுச் சீவுளி

கஸ்தூரியார் வீதியில் ஆயிரத்து எண்ணூற்றைம்பது ரூபாய்.
பெட்டி இல்லை, பெயர் இல்லை.
சிவப்புப் பெயின்ற் காய முன்னமே
பொலித்தீனில் சுத்தியிருக்கிறார்கள்,
சுருக்கம் முதுகில் பதிந்துபோய்க் கிடந்தது.
"வெட்டுமா?" என்றேன்.
கடைப் பெடியன் அலகைப் பெருவிரலால் தடவிக் காட்டினான்.
பெருவிரலுக்கு ஒன்றும் ஆகவில்லை.
அதுதான் பதில்.

பகலில் நான் காணி உறுதி தட்டச்சு செய்கிறவள்.
வடக்கே ஒழுங்கை, கிழக்கே குமாரவேலு வாரிசுகளின் வளவு,
பங்குக் கிணறு, வழிவாய்க்கால்,
எல்லாம் கல்லுக்குக் கல் நேர்கோடு.
ஏழு மணிக்குப் பிறகு கொக்குவிலில்,
வாடகை அறையின் பின் விறாந்தையில்,
ஏலத்தில் எடுத்த ஆடுகதிரை ஒன்று.
மேலே பழுதில்லை.
கீழே இரண்டு வளைகாலையும் கறையான் தின்றுவிட்டது.

முதல்நாள் சீவுளி மரத்தைக் கடிக்கவில்லை.
தெத்தித் தெத்திக் குதித்தது,
என் பல்லெல்லாம் கிட்டியது.
கழற்றிப் பார்த்தால்
அலகு இருக்கிற இடத்தில் பெயின்ற் பொருக்கு, ஒரு பக்கம் மேடு.
மேட்டில் இருத்தினால் யார்தான் அடங்கி இருப்பினம்?
சின்ன அரத்தால் சுரண்டினேன்,
இரும்பு வெள்ளையாய்த் தெரியும்வரை.
பழுதான பிறிஜ்ஜின் கண்ணாடித் தட்டில்
சாண்ட் பேப்பரை ஒட்டி, தண்ணி தெளித்து,
அலகின் முதுகைத் தேய்த்தேன்.
விரலுக்குள் நில்லாத சின்ன அலகு;
தும்புத்தடிப் பிடியைக் கீறி அந்தக் கீறலில் செருகிக்கொண்டேன்.
நானூறு. எண்ணூறு. இரண்டாயிரம்.
முதலில் நெற்றி கலங்கலாய்த் தெரிந்தது,
பிறகு புருவம்,
பிறகு நான் நினைத்ததைவிட வயது கூடின ஒருத்தி.

வாய் அகலம். பால்மா ரின்னில் ஒரு கீலம் வெட்டி
அலகுக்கு அடியில் வைத்தேன்.
இடது மூலையைக் கொஞ்சம் வெளியே விட்டேன்,
வலது மூலையை இருக்கோ இல்லையோ என்ற அளவில்.
ஒரே அலகு.
பசிக்கு இடது, நேர்த்திக்கு வலது.
அடியில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய்.

பூவரசம் பலகை. பிடித்து நிறுத்தக் கிடுக்கி இல்லை,
சைக்கிள் ரியூப்பால் யன்னல் கம்பியோடு இறுக்கிக் கட்டினேன்.
மேட்டிலிருந்து பள்ளத்துக்கு.
தண்ணி போகிற பக்கம்தான் அலகும் போகவேணும்,
எதிர்த்துப் போனால் மரம் மயிர்க்கூச்செறியும்.
அந்தப் பக்கத்தாலும் இறங்கவேணும், இந்தப் பக்கத்தாலும் இறங்கவேணும்.
பள்ளத்தின் அடியில் இரண்டு ஓட்டமும் முட்டுகிற இடம் ஒன்று இருக்கு,
அங்கேதான் வழக்கு.
அந்த ஒரு சாணுக்கு அரைவட்ட அரத்தை எடுத்தேன்.
சமாதானமாய்ப் போகச் சொல்லவில்லை,
தேய்த்தேன்.

ஜெசிந்தாக்கா பக்கத்துக் கதவைத் திறந்தா.
"இரவிரவாய் என்ன, பூனை பிறாண்டுற மாதிரி?"
பிறகு குனிந்து ஒரு சுருளை எடுத்து
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா,
அதுக்குள்ளால் பல்பு தெரிந்தது.
வாடகைக்காரியைப் பேச வந்தவ
சீலைத் தலைப்பில் சுருள்களை அள்ளிக்கொண்டு போய்
கோழிப் பெட்டிக்குள் போட்டா.
அடுத்த கிழமை தானாகவே கேட்டா:
"இண்டைக்குச் சீவேல்லையோ?"

முதல் கால் பதினொரு இரவு, இரண்டாவது ஏழு.
ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால்
எங்கேயோ ஒரு நூல் வெளிச்சம்.
புரட்டி வைத்தேன், வெளிச்சம் இடம் மாறியது.
ஆணி அடிக்காமல் முளை இறக்கிப் பூட்டினேன்.

இப்போது சாப்பிட்ட பிறகு அதில் ஆடுகிறேன்.
கதிரை நடக்கிறது.
ஒரு ஆட்டத்துக்கு ஒரு மயிரளவு,
பத்துமணிச் செய்தி முடிய ஒரு சாண்,
எப்போதும் குசினிப் பக்கமாய்.
முதல் கிழமை கால்மாட்டில் சோக்கட்டியால் கோடு போட்டேன்,
பிறகு விட்டுவிட்டேன்.
எந்தக் காலில் பிழை என்று தெரியும். ஒரு நூல். நாலு சீவல்.
அலகு இன்னும் கூராய்த்தான் இருக்கு,
எண்ணெய் பூசி, பழைய காலுறைக்குள்.

காலையில் கதிரையை இரண்டு கையாலும் தூக்கி
யன்னலடியில் கொண்டுபோய் வைத்துவிட்டு
வேலைக்குப் போகிறேன்.